ராணித்தலை ரூபாயின் கன்னம்

மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த பழைய நாணயங்களை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடை போட வேண்டும். எடையை எழுதி வைக்க வேண்டும். கண்டெடுத்தவர் கண்ணெதிரிலேயே பொட்டலம் கட்டி, அப்போதே அரக்கு முத்திரை வைக்க வேண்டும். நாங்கள் பின்பற்றியிருக்க வேண்டிய விதி இதுதான். விதியில் ஒரு குறையும் கிடையாது. குறையில்லாத விதிகள் பலவற்றை என் உத்தியோக காலத்தில் மனப்பாடம் செய்திருக்கிறேன். யாராவது கேட்டால் இன்றைக்கும் ஒப்பிப்பேன், யாரும் கேட்பதில்லை.

1975இல் நான் பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். நெருக்கடி நிலை வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆபீசுக்கு எல்லோரும் பத்து மணிக்கு முன்னாலேயே வந்துவிடுவார்கள் என்பதைத் தவிர அதன் நன்மைகள் எங்களுக்குத் தெரியவில்லை. தீமைகளைப் பற்றி யாரும் வாய்திறப்பதில்லை. பக்கத்து ஆபீசில் ஒருவரை ஒரு மத்தியானம் காரணம் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் எங்கள் ஆபீசில் தும்முகிறவர்கள்கூடச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் தும்மினார்கள்.

அந்த ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை காலை கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயியும் அவர் மனைவியும் வந்தார்கள். தென்னங்கன்று வைக்கக் குழி தோண்டும்போது மண்கலயம் ஒன்று உடைந்து உள்ளேயிருந்து வெள்ளி ரூபாய் வந்ததாகச் சொல்லி, வேட்டித் துணி முடிச்சு ஒன்றை மேஜைமேல் அவிழ்த்தார்கள். பதினோரு ரூபாய். எல்லாம் ராணித்தலை. ஒரு பக்கம் கிரீடம் வைத்த ராணியின் முகம், மறுபக்கம் பூங்கொடி வட்டம். என் கை தானாக நீண்டது.

நான் நாணயம் சேர்ப்பவன். இது ஆபீஸ் முழுவதும் தெரியும். சம்பளத் தினத்தில் எல்லோரும் ரூபாயை எண்ணும்போது நான் சில்லறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். என் வீட்டில் அதே ராணித்தலை ரூபாய் ஒன்பது இருந்தது. அதுவும் ஆபீஸ் முழுவதும் தெரியும். தெரியும்படி நானேதான் சொல்லியிருந்தேன்.

"எடை போட வேண்டும் சார்" என்றேன் தாசில்தாரிடம்.

ஆபீசில் தராசு இருந்தது. ஆனால் அதற்கு வைக்க வேண்டிய அரசு முத்திரை காலாவதியாகியிருந்தது. முத்திரையில்லாத தராசில் எடை போடக் கூடாது என்பது வேறொரு விதி. ஒரு விதி இன்னொன்றின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

தாசில்தார் தெற்கேயிருந்து வந்தவர். எங்கள் தமிழையும் அவருடைய மலையாளத்தையும் ஒரே பாத்திரத்தில் கலக்கிப் பேசுவார். "எடையொன்னும் வேண்டாம். எடோ, தான் நாணயப் பிராந்தனல்லே? ஒவ்வொண்ணின்றெ கண்டிஷன் எழுதிக்கோ. அது மதி."

பிராந்தன் என்றால் பைத்தியக்காரன், மதி என்றால் போதும். எனக்கும் போதும் போலத்தான் இருந்தது. அரசாங்கக் காகிதத்தில் நாணயத்தின் நிலையை எழுத ஒரு கிளார்க்கிடம் யார் கேட்பார்கள்? பேனாவைத் துடைத்துக்கொண்டேன்.

நாணயம் சேர்க்காதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாணயத்தின் தரம் என்பது அது எத்தனை கை பட்டது என்பதன் கணக்கு. யார் கையும் படாததற்கு அன்சர்க்குலேட்டட் என்று பெயர். சில கைகள் மட்டும் பட்டு, காதுக்கு மேலே ராணியின் மயிரிழைகளை இன்னும் பிரித்துப் பார்க்க முடிந்தால், பள்ளமான இடங்களில் பட்டுத்துணி மினுக்கம் மிச்சமிருந்தால், அது எக்ஸ்ட்ரீம்லி ஃபைன். அடுத்த படி வெரி ஃபைன்: சந்தைக்குப் பல தடவை போய் வந்தது, மயிரிழைகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன, ஆனால் சட்டையின் பூவேலை தெரியும். அதற்கும் கீழே வெறும் ஃபைன். கன்னம் தட்டையாகிவிட்டது. முதலில் தேய்வது எப்போதும் கன்னம்தான். மேடாக இருப்பதால் எல்லா விரலும் அங்கேதான் படும். இன்னும் கீழே ஒரு படி உண்டு, அதற்கு குட் என்று பெயர். அதில் இருப்பது ராணியா பூசணிக்காயா என்று பழக்கத்தால்தான் சொல்ல வேண்டும். சீமைக்காரர்களின் மரியாதை அப்படி.

படிக்குப் படி விலை ஏறும், அதுவும் தாவி ஏறும். ஒரே ரூபாய், ஒரே வெள்ளி, ஆனால் ஃபைன் நாலைக் கொடுத்தாலும் ஓர் எக்ஸ்ட்ரீம்லி ஃபைனைத் தர மாட்டார்கள். இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு மற்றவர்கள் எல்லோரும் மனதில் வைத்துக்கொண்டார்கள்.

ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தேன். மண்ணிலிருந்து வந்த வெள்ளி கறுத்திருக்கும். இவையும் கறுத்துத்தான் இருந்தன, ஆனால் அந்தக் கறுப்புக்குள் ஒரு பளபளப்பு. கன்னத்தில் ஒரு கீறல் இல்லை. மயிரிழை தெளிவாக இருந்தது. அறையில் நல்லெண்ணெய் வாசனை அடித்தது. மத்தியானம் நெருங்கும் நேரத்தில் எங்கள் ஆபீசில் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் மணக்காத நாள் கிடையாது. ஏழு ரூபாய்க்கு எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் என்று எழுதினேன். மற்ற நாலுக்கு வெரி ஃபைன். அந்த ஏழில் நாலாம் எண்ணிட்ட ரூபாயின் கன்னத்தைப் பற்றித் தனியாக ஒரு வரி புகழ்ந்தும் எழுதினேன். விதி புகழச் சொல்லவில்லை.

அரக்கு உருக்கியபோதுதான் முத்திரைக் கட்டை தாசில்தாரின் பைக்குள் இருப்பதும், அந்தப் பையோடு அவர் பாலக்காட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டதும் தெரிந்தது. மறுநாள் காலை அவர் வந்த பிறகு, அந்த விவசாயியையும் மறுபடி வரவழைத்து, ஒவ்வொன்றையும் பஞ்சில் சுற்றி முத்திரை வைத்தோம். இடைப்பட்ட ராத்திரி பதினோரு ரூபாயும் என் அலமாரியில் இருந்தன. சாவி என் மடியில்.

பொட்டலங்கள் திருவனந்தபுரத்துக்குப் போயின. நவம்பரில் அங்கிருந்த நாணய நிபுணரின் அறிக்கை வந்தது. மிகவும் மரியாதையான அறிக்கை. எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் என்று விவரிக்கப்பட்ட ஏழும் ஃபைன் நிலையிலேயே இருக்கின்றன, கன்னங்கள் தட்டை, மேற்பரப்பு முழுவதும் நுண்கீறல்கள், மற்ற நாலும் அதற்கேற்பத் தாழ்ந்தவை, விவரத்தில் கண்ட நாணயங்கள் இவைதாமா என்பது ஐயத்துக்குரியது.

தாசில்தார் என்னை உள்ளே கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"தான்றெ வீட்டில் எத்தனை ராணி உண்டு?"

"ஒன்பது சார்."

"அது என்ன கண்டிஷன்?"

"ஃபைன் சார்."

அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தேய்ந்த ரூபாய் ஒன்பது வைத்திருப்பவன், இன்னும் பதினொன்று எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவன். தேயாத ரூபாய்க்கு என்ன விலை என்று தெரிந்தவன். ஒரு ராத்திரி முழுவதும் முத்திரையில்லாமல் சாவியை மடியில் வைத்திருந்தவன். எடை எழுதியிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும், தேய்ந்த ரூபாய் எடை குறையும். எழுதவில்லை. என்மேல் வழக்கு எழுதச் சொன்னால் நானே இதைவிட நன்றாக எழுத முடியாது.

"ஒரு விசதீகரணம் எழுதிக் கொடு" என்றார். விளக்கம் கேட்கிறார் என்று அர்த்தம். பிறகு கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "காலம் மோசமாணு. போலீஸுக்கு எழுதச் சொல்லி மேலேயிருந்து வந்தால் என்னால் பிடிச்சு வெக்க முடியாது. மனசிலாயோ?"

மனசிலாயிற்று. வெளியே வந்து சைக்கிள் பூட்டில் அலமாரிச் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தேன். விதி தெரியாதவனுக்கு ஒரே ஒரு பயம், என்னவோ ஆகப்போகிறது என்று. எனக்கு அடுத்தது என்ன, அதற்கடுத்தது என்ன என்று வரிசையாகத் தெரியும். மெமோ, சஸ்பென்ஷன், வீட்டுச் சோதனை, அரசாங்கச் சொத்தைக் கையாடிய குற்றம், வேலை போவது, ஜெயில். ஒவ்வொரு படியிலும் யார் கையெழுத்து என்பதுகூடத் தெரியும்.

வீட்டில் மனைவி அரிவாள்மணையில் சேனை நறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் கை நின்றது.

"அந்த ஒம்பதையும் கொண்டுபோய்ப் புழையில போட்டுட்டு வாங்கோ."

"ஆற்றில் போட்டுத் தடயத்தை அழித்தால் அது தனிக் குற்றம்."

"அப்போ கிணத்துல போடுங்கோ."

"கிணற்றில் போட்டால் அடுத்த வருஷம் தூர் வாருகிறவன் கையில் கிடைக்கும். அதுவும் புதையல். தாலுகா ஆபீசுக்குக் கொண்டு வருவான். நான்தான் கண்டிஷன் எழுதணும்."

"உங்களுக்கு எல்லாம் அறியும். ஜெயில்ல சோறு எப்போ போடுவான்னும் அறியுமோ?" என்றாள். கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். எனக்கு அது அறியும், ஆனால் சொல்லவில்லை.

விளக்கம் எழுத உட்கார்ந்தால் முதல் வாக்கியத்துக்கு மேல் போகவில்லை. நான் மாற்றவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் என் கண்தான் பொய் சொல்லியிருக்க வேண்டும். தான் வைத்திருக்கும் நாணயத்துக்கு ஒரு படி கூட்டிச் சொல்வது எங்கள் கூட்டத்தின் வழக்கம்தான்; ஆனால் அந்தப் பதினொன்று என்னுடையவை அல்ல, தாழ்ந்ததும் இரண்டு படி. தட்டைக் கன்னத்தில் மேட்டை எப்படிப் பார்த்தேன்? வீட்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவேன். பால்காரர் ஒரு நாள் மனைவியிடம், "என்ன, சார் என்னெக் கண்டா ஓடுது? பால் பாக்கி ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி விவசாயி வீட்டுக்குப் போனேன். விசாரணைக்கு உட்பட்டவன் சாட்சியைப் போய்ப் பார்க்கக் கூடாது. இதுவும் தெரியும். அவர் அந்த முத்திரை நாளில் கூடவே நின்றவர். நான் மாற்றவில்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள். என்னைக் கண்டதும் அவர் முகம் வெளுத்தது. நான் அவரைப் பார்த்துப் பயந்ததைவிட அவர் என்னைப் பார்த்து அதிகம் பயந்தார்.

"ஏனுங்க சாமி, ஏதாச்சும் தப்பாயிருச்சுங்களா?"

"ரூபாய் தேய்ஞ்சிருக்குன்னு எழுதியிருக்காங்க. நான் பார்த்தப்ப நல்லா இருந்தது. உங்களுக்கு எப்படி இருந்தது?"

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி திரும்பினார். "தோண்டி எடுத்தப்ப கரிக்கட்டை மாதிரிதானுங்க இருந்துச்சு. அப்பறந்தான் பளபளன்னு ஆச்சு."

"எப்பறம்?"

"நீ சும்மா இரு புள்ள" என்றார் விவசாயி.

"என்னத்துக்குச் சும்மா இருக்கோணும்? களவாண்டமா?" அந்த அம்மா வாளியை வைத்துவிட்டு என் பக்கம் வந்தார். "மண்ணுக்குள்ள கெடந்த மகாலச்சுமிய அப்படியே சேறும் மண்ணுமாவா கவருமெண்டுகிட்டக் குடுக்கறது? ஊட்டுக்கு வந்த சாமியில்லீங்களா? வெள்ளிக்கெழம கெடைச்சுது. அலம்பி, மஞ்சத் தேச்சு, நல்லெண்ணெய்க் காப்பு சாத்தி, சாமி மாடத்துல வெச்சிருந்தோம். தெனமும் எண்ணெய் வெச்சேன். திங்கக்கெழம காலையிலகூட வெச்சுட்டுத்தானுங்க முடிஞ்சேன்."

கோயிலில் கல் விக்கிரகத்துக்குச் சாத்துவது போல, பதினோரு ராணிகளுக்கும் எண்ணெய்க்காப்பு.

விவசாயி தலையைச் சொறிந்தார். "அந்த வெள்ளக்காரி மூஞ்சிக்கு மஞ்சப் பூசுனா நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றார். உடனே சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "வெள்ளிக்கெழம கெடைச்சத திங்கக்கெழம வரைக்கும் வெச்சிருந்தம்னு உள்ள தூக்கிப் போட்டுருவாங்களா சாமி? அதுக்குத்தான் இவள வாயத் தொறக்காதேன்னேன்" என்றார்.

சனியும் ஞாயிறும் ஆபீஸ் கிடையாது, திங்கட்கிழமை திறந்ததும் கொண்டுவந்தது தாமதமாகாது என்று சொன்னேன். ஆபீஸ் சனிக்கிழமை அரைநாள் இருந்ததோ என்னவோ, அப்போது எனக்கு அதை யோசிக்கத் தெம்பில்லை. அவர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. நான் அறிந்த விதிகளால் ஒரு மனிதன் நிம்மதியடைந்ததை அன்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் ஒன்பதில் ஒன்றை எடுத்தேன். மனைவியின் எண்ணெய்க் கிண்ணத்தில் விரலை முக்கி ராணியின் முகத்தில் தடவி ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தேன். கீறல்களை எண்ணெய் நிரப்பியது. காதுக்கு மேல் மயிரிழைகள் எழுந்து வந்தன. தட்டைக் கன்னத்தில் வெளிச்சம் உருண்டு, கன்னம் உப்பியது போலிருந்தது. பத்து வருஷமாக எனக்குத் தெரிந்த ரூபாய் அது. எண்ணெயோடு யாராவது காட்டியிருந்தால் எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் என்று சத்தியம் செய்திருப்பேன். பஞ்சால் ஒற்றியெடுத்தேன். ராணி மறுபடி கிழவியானாள்.

ஆபீசில் நாங்கள் சுற்றி வைத்த பஞ்சு மூன்று மாதம் அதே வேலையைத்தான் செய்திருந்தது.

மனைவி தோளுக்கு மேலிருந்து பார்த்தாள். "இதை எழுதுங்கோ. திருடறவன் எங்கேயாவது மஞ்சள் தேச்சுக் குளிப்பாட்டி வெப்பானா?"

எழுதினேன். எண்ணெய் போயிருந்தாலும் மஞ்சள் போயிருக்காது. ரூபாயின் விளிம்பைச் சுற்றி மணி மணியாக இருக்கும் புள்ளிகளுக்கு இடையில் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். சுற்றியிருந்த பஞ்சைச் சோதிக்க வேண்டும். முடியுமானால் ஒரு ரூபாய்க்கு ஒரு துளி நல்லெண்ணெய் விட்டுப் பார்த்து, என் விவரத்தோடு ஒப்பிட வேண்டும். விவசாயியின் மனைவி தந்த வாக்குமூலத்தை இணைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டபோது, "எண்ணெய் எங்க செக்குல ஆட்டுனதுன்னும் எழுதிக்குங்க. கடையெண்ணெய்ன்னு நெனச்சுக்கப் போறாங்க" என்றார். எழுதிக்கொண்டேன். அரசாங்க மனுவில் நல்லெண்ணெயின் தரத்தைச் சான்றளித்தது அநேகமாக நான் ஒருவன்தான்.

தாசில்தார் படித்துவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார். "இது மேலே போனால் ஒண்ணுகில் தான் ரக்ஷப்படும், இல்லெங்கில் நாம ரெண்டு பேரும் பிராந்தாசுபத்திரி." அனுப்பிவிட்டார். அவர் நல்லவர், நாணயத்துக்குக் குட் என்று பெயர் வைத்த சீமைக்காரர்களின் அர்த்தத்தில் அல்ல.

அதோடு பயம் தீரவில்லை. மனுவைத் தபாலில் சேர்த்த மறுநாளே அதிலிருந்த ஓட்டை எனக்குத் தெரிந்தது. சாவி என்னிடம் இருந்த அந்த ராத்திரியில் நானே தேய்ந்த ரூபாய்களை மாற்றி வைத்து அவற்றுக்கு எண்ணெயும் மஞ்சளும் தடவியிருக்கலாமே? வேறு யாருக்கும் தோன்றாது. ஆனால் எனக்குத் தோன்றியது என்றால் திருவனந்தபுரத்தில் என்னைப் போல ஒருவன் இல்லாமலா போவான்?

ஜனவரியில் மாற்றல் உத்தரவு வந்தது. நிர்வாக நலன் கருதி, இடுக்கியில், வட்டவடை. விசாரணை முடியும்வரை பணமும் பொன்னும் பழைய நாணயமும் இல்லாத இடம் தேடியிருக்கிறார்கள். காரட்டும் கோசும் பூண்டும் இருந்தன. அவற்றுக்கு நான் தரம் எழுத வேண்டியிருக்கவில்லை.

குளிர் என்னைக் கொன்றது. மூணாறிலிருந்து ஜீப்பில்தான் தபால் வரும். ஜீப்பில்தான் போலீசும் வரும். வளைவுகளில் இன்ஜின் முனகுவது கால்மணி நேரம் முன்பே கேட்கும். அந்தக் கால்மணி நேரத்தில் எழுதுகிற எதுவும் என் கையெழுத்து மாதிரி இருக்காது. மூன்று மாதம் கடிதம் இல்லை. நினைவூட்டல் அனுப்பலாம் என்று விதி இருக்கிறது. அனுப்பினால் மறந்திருப்பவர்களுக்கு நினைவு வந்துவிடும் என்று அனுப்பவில்லை. மனைவி ஊரிலிருந்து எழுதும் கடிதங்களில் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "வந்துதா?"

ஜீப் டிரைவர் மதுரைப் பக்கத்து வம்சம். நான் ஜன்னலில் நிற்பதைப் பல நாள் பார்த்திருக்கிறார்.

"என்ன சார், வண்டிச் சத்தம் கேட்டாலே மூஞ்சி சுண்ணாம்பாப் போகுது? யாருக்காச்சும் கடன் குடுக்கணுமா?"

"இல்லப்பா."

"அப்ப போலீசா? பயப்படாதீக. போலீசு ஜீப்பு இந்த ஏத்தத்துல பாதியிலயே மூச்சு வாங்கி நின்னுபோகும். வந்து சேர்ந்துச்சுன்னா அது நம்ம வண்டிதான்."

இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே அன்றைக்கு அவர் கோசு மூட்டைக்கு அடியிலிருந்து ஒரு நீளக் கவரை உருவினார். அரசாங்க முத்திரை. என் பழைய ஆபீஸ் விலாசம் அடித்து, மாவட்ட ஆபீஸ் விலாசம் எழுதி, அதையும் அடித்து, ஓரத்தில் வட்டவடை. கை விறைத்ததால் திறக்க முடியவில்லை. அவரே பல்லால் கிழித்துக் கொடுத்தார்.

பதினோரு நாணயங்களின் விளிம்புப் புள்ளிகளுக்கிடையிலும் மஞ்சள் துகள்கள் காணப்பட்டன. பஞ்சில் எண்ணெய் ஊறியிருந்தது. ஏழாம் எண் நாணயத்தில் எண்ணெய் இட்டுப் பார்த்ததில் விவரம் பொருந்தியது. ஒப்படைக்கப்பட்ட நாணயங்களும் இவையும் ஒன்றே எனக் கருதப்படுகிறது. மேல் நடவடிக்கை தேவையில்லை. ஆயினும், நாலாம் எண் நாணயத்தின் கன்னம், எண்ணெய் இட்ட நிலையிலும், வெரி ஃபைன் என்பதற்கு மேல் தகுதியுடையதன்று. விவரம் எழுதியவர் இனி இத்தகைய பணியில் ஈடுபடுத்தப்படாதிருத்தல் நலம்.

கடைசி வரியைத்தான் இரண்டாம் முறை படித்தேன். அப்புறம் பக்கத்திலிருந்த பூண்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

"நல்ல சேதியா சார்?" என்றார் டிரைவர்.

"ஆமாம்பா. எனக்குக் கண்ணு சரியில்லையாம்."

நிபுணர் அதில் கையெழுத்திட்டது பிப்ரவரி ஒன்பதாம் தேதி. அது என் கைக்கு வந்து சேர்ந்தது 1976 மே ஐந்தாம் தேதி, புதன்கிழமை.